பல்லிணைப் பெட்டியின் உறுதி: ஒரு வரலாற்று நோக்கு

சுமை ஏற்றிச் செல்லும் வண்டி எத்தனை காலம் தாங்கும் என்னும் கேள்வி, வண்டி தோன்றிய நாள்முதல் மனிதனைத் தொடர்ந்து வருகிறது. உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூறு தருகிறது. மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் அச்சு எங்கே முறியும் என்பதை எவரும் முன்னரே சொல்ல இயலாது. அதனை உணர்ந்த உழைப்பாளர் செய்துகொண்ட ஏற்பாடு அது. திருக்குறளோ, வலியறிதல் அதிகாரத்தில், எடையே இல்லாதது போன்ற மயிலிறகும் அளவு கடந்தால் வண்டியின் அச்சை முறித்துவிடும் என்பதை அரசர்க்கு உவமையாகக் காட்டுகிறது. சுமைக்கும் வலிமைக்கும் இடையே பொருத்தம் வேண்டும் என்பது ஒன்று. முறிந்தால் சரிசெய்யும் வழி கையருகே இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. பொறிகளின் உறுதியைப் பற்றிப் பேச முற்படுவோர்க்கு இவ்விரண்டும் இன்றும் அடிப்படையானவை.

மாட்டு வண்டியில் அச்சு பெற்றிருந்த இடத்தை இயந்திர வண்டியில் பல்லிணைப் பெட்டி பெற்றுள்ளது. இயந்திரத்தின் சுழற்சியைச் சக்கரத்திற்குத் தேவையான வேகத்திலும் விசையிலும் மாற்றித் தருவது அதுவே. மக்கள் வழக்கில் அது கியர் பெட்டி. ஓட்டுநர் தம் கையாலும் காலாலும் மாற்றுவது ஒரு வகை. தானே மாறிக்கொள்வது மற்றொரு வகை. பின்னதையே தானியங்கிப் பெட்டி என்கிறோம். தோட்டத்தார் பேச்சில் அது 'ஆட்டோ கியர்'. பழைய பிக்அப் வண்டிகளில் அமைந்த தானியங்கிப் பெட்டிகளுள் எவை நெடுங்காலம் தாங்கின, எவை விரைவில் தளர்ந்தன, அதற்குக் காரணம் யாது என்பவற்றை ஜொகூர் மாநிலத் தோட்டச் சாலைகளின் பின்னணியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜொகூரின் வழிகளும் சரக்கும்

ஜொகூரின் போக்குவரத்து வரலாற்றின் தொடக்கத்திலேயே உறுதி பற்றிய ஒரு பாடம் கிடைக்கிறது. அபூபக்கார் ஆட்சியில், 1869-ஆம் ஆண்டில், ஜொகூர் பாருவிலிருந்து புலாய் மலையை நோக்கித் தொடர்வண்டிப் பாதை ஒன்று அமைக்கும் முயற்சி தொடங்கப்பட்டது. காடு நிறைந்த நாட்டில் மரத்திற்குக் குறைவில்லை. ஆகவே தண்டவாளங்களையும் மரத்தாலேயே செய்தனர். ஆனால் மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் இம்மண்ணில் கறையான் அந்தத் தண்டவாளங்களை அரித்துத் தின்றது. திட்டம் கைவிடப்பட்டது. ஓரிடத்தில் உறுதியாகத் தோன்றும் பொருள் மற்றோர் இடத்தில் உறுதியற்றதாகலாம் என்பதை அது காட்டிற்று.

பின்னர் 1909-இல் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இரும்புப் பாதை நிறைவெய்தியது. 1923-இல் சரக்கு வண்டிகளுக்குத் திறக்கப்பட்டு, 1924-இல் முறைப்படி திறப்பு விழாக் கண்ட கடற்பாலம் ஜொகூரைச் சிங்கப்பூருடன் இணைத்தது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ஆனால் இரும்புப் பாதை தோட்டத்தின் உள்ளே வராது. பால் வெட்டும் நிரையிலிருந்து ஆலை வரையிலும், ஆலையிலிருந்து நிலையம் வரையிலும் சரக்கைக் கொண்டு செல்லும் வேலையை முதலில் மாட்டு வண்டிகளும், பிறகு லாரிகளும், அவற்றைத் தொடர்ந்து சிறு பிக்அப் வண்டிகளும் ஏற்றன. மாட்டு வண்டி ஓட்டியோருள் தமிழர் மிகப் பலர். இயந்திர வண்டி வந்தபோது அதன் வளையத்தைப் பிடித்தோருள்ளும் தமிழர் பலர் இருந்தனர்.

தோட்டச் சரக்கு காத்திருக்கும் இயல்புடையதன்று. விடியலில் வெட்டிய ரப்பர்ப் பால், சில மணி நேரத்தில் உறையத் தொடங்கும். அம்மோனியா சேர்த்தால் உறைவதைத் தாமதப்படுத்தலாம். முற்றிலும் தடுத்துவிட முடியாது. செம்பனைக் குலையின் நிலையும் அத்தகையதே. வெட்டிய குலை ஏறத்தாழ ஒரு நாளுக்குள் ஆலை சேர வேண்டும். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் மிகுந்து தரம் தாழும். 1960-களிலிருந்து ஜொகூரில் ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை பரவியது. 1956-இல் அமைக்கப்பட்ட நிலக் குடியேற்ற நிறுவனமாகிய பெல்டாவும் இம்மாநிலத்தில் செம்பனைத் திட்டங்கள் பலவற்றைத் திறந்தது. முற்றிய மரத்தின் குலை ஒன்றே 20 கிலோவுக்கு மேல் எடையுள்ளதாக இருக்கும். இவ்வளவு சுமையும் செம்மண் பாதையில், மழைக்காலச் சேற்றில், மேடேறி இறங்கிச் செல்ல வேண்டும். வழியில் வண்டி நின்றால் ஒரு நாள் உழைப்பே பாழாகும். ஆகையால் கியர் பெட்டியின் உறுதி தோட்டத்தில் வெறும் பொறியியல் செய்தியாக இருந்ததில்லை. கூலியோடும் சோற்றோடும் தொடர்புடைய செய்தியாகவே இருந்தது.

தானியங்கிப் பெட்டியின் பிறப்பு

தானியங்கிப் பெட்டி தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது மிகப் பிற்காலத்தில்தான். அதன் வரலாறு வேறு நாடுகளில் தொடங்குகிறது. ஹெர்மான் ஃபெட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1905-இல் ஒரு புதிய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரும்போடு இரும்பைப் பிணைக்காமல், எண்ணெய் போன்ற நீர்மத்தின் ஓட்டத்தைக் கொண்டே ஒரு தண்டின் சுழற்சியை மற்றொரு தண்டிற்கு மாற்றும் கருவி அது. இரண்டு மின்விசிறிகளை எதிர் எதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றால் மற்றதும் சுழலக் காணலாம். காற்றுக்குப் பதில் எண்ணெயைக் கருதிக்கொண்டால் இக்கருவியின் தத்துவம் விளங்கும். கப்பல்களுக்கென உருவான இந்த அமைப்பே பின்னாளில் தானியங்கிப் பெட்டியின் முகப்பாக அமைந்தது.

1939-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமேட்டிக் என்னும் நான்கு வேகப் பெட்டியை வழங்கத் தொடங்கியது. பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் முழுத் தானியங்கிப் பெட்டி அதுவே எனலாம். அடுத்து மூண்ட உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தின் இலகு வகைக் கவச வண்டிகளிலும் அது பொருத்தப்பட்டது. போர்க்களத்தைவிடக் கடுமையான தேர்வுக்கூடம் இல்லை. போர் முடிந்தபின் அந்தப் பட்டறிவு சரக்கு வண்டிகளுக்குப் பயன்பட்டது. 1953-இல் ஃபோர்டு எப்-100 பிக்அப் வண்டியிலும், 1954-இல் செவ்ரலே பிக்அப் வண்டியிலும் தானியங்கிப் பெட்டியை வாங்குவோர் விரும்பினால் பெறலாம் என்ற நிலை வந்தது.

இப்பெட்டியின் உள்ளமைப்பைச் சுருக்கமாக அறிந்துகொண்டாலன்றி அதன் உறுதியை ஒப்பிட முடியாது. நடுவே ஒரு பற்சக்கரம். அதைச் சுற்றிக் கோள்களைப் போல் சுழலும் சிறு பற்சக்கரங்கள். அவற்றை வளைத்து நிற்கும் வெளி வளையம். இவற்றுள் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதற்கேற்ப வேகம் மாறுகிறது. பிடித்து நிறுத்தும் வேலையை உராய்வுத் தகடுகளும் பட்டைகளும் செய்கின்றன. அவற்றை அழுத்துவது எண்ணெயின் அழுத்தம். அந்த அழுத்தத்தைத் தருவது இயந்திரத்தோடு சேர்ந்து சுழலும் ஓர் எண்ணெய் விசைக்குழாய். ஆகவே எண்ணெய் இங்கே மசகு மட்டும் அன்று. அதுவே கை, அதுவே தசை, அதுவே குளிர்ச்சி தரும் நீர். எண்ணெய் கெட்டால் பெட்டி கெடும். எண்ணெய் சூடேறினால் தகடு கருகும். தானியங்கிப் பெட்டிகளின் சாவில் பெரும் பகுதி வெப்பத்தால் நேர்வதாகும்.

மூன்று வலிய பெட்டிகள்

பழைய பிக்அப் வண்டிகளின் தானியங்கிப் பெட்டிகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் மூன்று பெயர்களை முன்வைப்பர். கிரைஸ்லர் நிறுவனம் 1962-இல் அலுமினிய உறையோடு வெளியிட்ட டார்க்ஃபிளைட் 727 ஒன்று. ஜெனரல் மோட்டார்ஸ் 1964-இல் வெளியிட்ட டர்போ ஹைட்ராமேட்டிக் 400 மற்றொன்று. ஃபோர்டு 1966-இல் வெளியிட்ட சி6 மூன்றாவது. மூன்றும் மூன்று வேகப் பெட்டிகள். மூன்றும் பெரிய இயந்திரங்களின் விசையைத் தாங்குவதற்கென வடிவமைக்கப்பட்டவை.

இவற்றின் உறுதிக்குச் சான்று விளம்பரத்தில் இல்லை; வேறு நிறுவனங்களின் தேர்வில் இருக்கிறது. தம் பொருளின் பெயர் கெடாமல் காத்துக்கொள்வதில் மிகுந்த கருத்துடைய ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனம் டர்போ 400 பெட்டியைத் தன் கார்களில் பொருத்தியது. ஜீப் நிறுவனமும் தன் சரக்கு வண்டிகளில் அதனைப் பயன்படுத்தியது. 1980-களில் அமெரிக்க இராணுவம் வாங்கிய செவ்ரலே பிக்அப் வண்டிகளிலும், ஹம்வீ என்னும் படை வண்டியிலும் அதே பெட்டியின் வழிவந்தவையே இருந்தன. டார்க்ஃபிளைட் 727-இன் கதையும் இதைப் போன்றது. இங்கிலாந்தின் ரேஞ்ச் ரோவர் வண்டிக்கு 1982-இல் முதன்முறையாகத் தானியங்கிப் பெட்டி தர முடிவு செய்தபோது, அமெரிக்கச் சரக்கு வண்டிகளில் பழகிய இந்தப் பெட்டியே தெரிந்தெடுக்கப்பட்டது. 1989-இல் டாட்ஜ் பிக்அப் வண்டியில் கம்மின்ஸ் டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டபோதும், அதன் பெரும் விசையைத் தாங்கும் பொறுப்பு முதலில் இதனிடமே ஒப்படைக்கப்பட்டது.

இம்மூன்றும் குறையற்றவை அல்ல. சி6 பெட்டி உறுதியில் சிறந்தது. ஆயினும் இயந்திரத்தின் விசையில் கணிசமான பங்கைத் தானே உண்டுவிடும். மூன்றிலும் நான்காம் வேகம் இல்லாமையால் நெடுஞ்சாலையில் இயந்திரம் வேகமாகச் சுழன்று எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும். வலிமைக்குக் கொடுத்த விலை அது. எரிபொருள் மலிவாகக் கிடைத்த நாட்டில், மலிவான காலத்தில், அந்த விலையைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

எரிபொருள் நெருக்கடியும் மெலிந்த பெட்டிகளும்

1973-இல் எழுந்த எண்ணெய் நெருக்கடி நிலைமையை மாற்றியது. 1975-இல் அமெரிக்கா வண்டிகளின் எரிபொருள் சிக்கனத்திற்குச் சட்டம் இயற்றியது. எடையைக் குறை, உராய்வைக் குறை, நான்காம் வேகத்தைச் சேர் என்பதே பொறியாளர்க்கு இடப்பட்ட கட்டளை. அதன் விளைவாக மெலிந்த பெட்டிகள் பிறந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1976-இல் கார்களுக்கென வெளியிட்ட டர்போ ஹைட்ராமேட்டிக் 200 விரைவில் பழுதாவதாக முறையீடுகள் பெருகி, அவை அமெரிக்க வாணிக ஆணையம் வரை சென்றன. ஃபோர்டு 1980-இல் நான்கு வேகப் பெட்டி ஒன்றைக் கொணர்ந்தது. 1982-இல் ஜெனரல் மோட்டார்ஸ் 700 ஆர்4 என்னும் நான்கு வேகப் பெட்டியைக் கொணர்ந்தது. இது பிக்அப் வண்டிகளிலும் பரவலாகப் பொருத்தப்பட்டது.

700 ஆர்4-இன் வரலாறு ஆசிரியரும் மாணவரும் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. இதன் முதல் வேகம் மிகத் தாழ்வானது. சுமையோடு புறப்படுவதற்கு ஏற்றது. நான்காம் வேகம் எரிபொருளைச் சேமித்தது. கருத்து நல்லதே. ஆயினும் முதலாண்டுகளில் வெளிவந்த பெட்டிகள் பல விரைவில் தளர்ந்தன. முடுக்கு மிதியோடு இணைந்த ஒரு கம்பி வடத்தின் வழியாகவே உள்ளே எண்ணெயின் அழுத்தம் கட்டுப்படுத்தப்பட்டது. அந்த வடம் சிறிது தளர்ந்திருந்தாலும் அழுத்தம் குறையும்; தகடுகள் இறுகப் பிடிக்காமல் சறுக்கும்; சறுக்கலால் சூடேறிக் கருகும். பெட்டியைக் குறை கூறியவர்களுள் பலர், உண்மையில் ஒரு வடத்தின் அளவுத் தவற்றுக்குப் பெட்டியையே பலியாக்கியவர்கள். நிறுவனமும் வாளா இருக்கவில்லை. ஆண்டுதோறும் உறுப்புகளை வலுப்படுத்தியது. 1980-களின் பிற்பகுதியில் வெளிவந்தவை முன்னவற்றினும் நம்பத்தக்கனவாயின. ஆகவே ஒரே பெயர் கொண்ட பெட்டியே ஆயினும், எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று கேளாமல் அதன் உறுதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது பிழையாகும்.

இக்காலத்தில் மற்றொரு மாறுதலும் நிகழ்ந்தது. தானியங்கிப் பெட்டிக்கான எண்ணெயில், உராய்வைச் சீராக்கும் பொருட்டு, அதுவரை திமிங்கில எண்ணெய் சேர்க்கப்பட்டு வந்தது. அழிந்துவரும் உயிரினங்களைக் காக்க 1970-களில் அமெரிக்கா அதற்குத் தடை விதித்தபின், வேதியியலார் மாற்றுப் பொருள்களைத் தேட நேர்ந்தது. கடலில் வாழும் உயிர் ஒன்றைக் காக்கும் சட்டம், தரையில் ஓடும் வண்டியின் கியர் பெட்டியைத் தொட்டது.

பளுவான வேலைக்கு மெலிந்த பெட்டி ஒவ்வாது என்பதை நிறுவனங்களும் விரைவில் உணர்ந்தன. 1989-இல் ஃபோர்டு தன் சரக்கு வண்டிகளுக்கென வெளியிட்ட நான்கு வேகப் பெட்டி, பழைய சி6-இன் அடிப்படையில் எழுந்தது. 1991-இல் ஜெனரல் மோட்டார்ஸ் வெளியிட்ட 4 எல்80 இ, பழைய டர்போ 400-இன் வழித்தோன்றல். புதுமை வேண்டியபோதும் அடித்தளத்திற்கு முன்னோரையே நாடினர்.

ஜப்பானியர் கண்ட வழி

மலேசியச் சாலைகளில் அமெரிக்கப் பிக்அப் வண்டிகள் அரியவை. இங்கு நிலைபெற்றவை ஜப்பானிய வண்டிகள். ஆயினும் அவற்றின் தானியங்கிப் பெட்டிகளிலும் அமெரிக்கத் தொடர்பு உண்டு. ஜப்பானின் ஐசின் நிறுவனமும் அமெரிக்காவின் போர்க்வார்னர் நிறுவனமும் கூட்டாக 1969-இல் ஐசின் வார்னர் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. 1970-இல் நிசான், மாஸ்டா, ஃபோர்டு ஆகியவற்றின் கூட்டுறவில் ஜாட்கோ நிறுவனம் பிறந்தது. ஜாட்கோவின் மூன்று வேகப் பெட்டி டாட்சன் பிக்அப் வண்டிகளில் பயன்பட்டது; எளிய அமைப்பும் சிறிய இயந்திரமும் சேர்ந்ததால் அது நெடுங்காலம் உழைத்தது.

ஐசின் வார்னர் நிறுவனத்தின் ஏ340 என்னும் நான்கு வேகப் பெட்டி 1980-களின் நடுவில் டொயோட்டா பிக்அப் வண்டிகளுக்கு வந்தது. அமெரிக்காவில் 1987 முதல் ஜீப் செரோக்கி வண்டிகளிலும் அதே வகைப் பெட்டி வேறு பெயரில் பொருத்தப்பட்டது. ஓர் அமெரிக்க நிறுவனம் தன் நாட்டில் இத்தனை பெட்டிகள் இருக்க, ஜப்பானியப் பெட்டியைத் தெரிந்துகொண்டது கருதத்தக்கது. பல ஆண்டுகள் பெரிய பழுதின்றி ஓடும் பெட்டி என்ற நற்பெயர் அதற்கு இன்றளவும் நிலைத்திருக்கிறது.

இதன் உறுதிக்குக் காரணம் யாது? தாங்க வேண்டிய விசையைக் காட்டிலும் தாங்கக்கூடிய விசை மிகுதியாக வைக்கப்பட்டதே முதற்காரணம். எரிபொருள் சிக்கனத்தை நாடிய அமெரிக்கர் பெரிய இயந்திரத்திற்கு மெலிந்த பெட்டியைத் தந்தனர். ஜப்பானியரோ அளவான இயந்திரத்திற்கு வலுவான பெட்டியைத் தந்தனர். அத்துடன், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நீர்மப் பிணைப்பை இறுகப் பூட்டிச் சறுக்கலைத் தவிர்க்கும் அமைப்பும், மின்னணுக் கட்டுப்பாடும் வெப்பத்தைக் குறைத்தன. மயிலிறகு உவமை சொல்லும் பொருத்தம் இங்கே நடைமுறையாயிற்று.

தோட்டங்கள் தயங்கியது ஏன்?

இவ்வளவு முன்னேற்றம் நிகழ்ந்திருந்தும், ஜொகூர்த் தோட்டங்களின் சரக்கு வண்டிகள் நெடுங்காலம் கைக்கியரையே நம்பின. 1948-இல் தோன்றி, அவசரகால ஆண்டுகளில் படையினரோடும் தோட்ட நிர்வாகிகளோடும் மலாயாக் காடுகளில் உழன்ற லேண்ட் ரோவர் கைக்கியர் வண்டியே. 1970-களின் தொடக்கத்தில், ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் இருந்த தன் தொழிற்சாலையில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'ஹரிமாவ்' என்னும் எளிய சிறு சரக்கு வண்டியைச் செய்தது. மலாய் மொழியில் புலி என்பது அதன் பொருள். வளரும் நாடுகளுக்கென வகுக்கப்பட்ட அந்த வண்டியில், வளைவற்ற தகடுகளும் சிறிய இயந்திரமும் கைக்கியருமே இருந்தன. தானியங்கிப் பெட்டியில் உலகிற்கு முன்னோடியாக விளங்கிய நிறுவனமே ஜொகூரில் செய்த வண்டிக்குக் கைக்கியரைத் தந்தது.

இத்தயக்கத்திற்கு நிர்வாகத்தின் சிக்கனம் மட்டும் காரணம் அன்று, தொழிலறிவும் காரணம். கைக்கியர் வண்டியில் முதலில் தேய்வது கிளட்ச் தகடு. அதைத் தோட்டத்துப் பட்டறையில், மரத்தடியில்கூட, ஒரு நாளில் மாற்றிவிடலாம். தானியங்கிப் பெட்டி பழுதுற்றால் அதைப் பிரிக்கத் தூசியில்லாத இடம் வேண்டும். நுண்ணிய வால்வுகளைக் கையாளும் பயிற்சி வேண்டும். மாற்று உறுப்புகள் நகரிலிருந்து வர வேண்டும். மின்கலம் இறந்துபோனால் கைக்கியர் வண்டியை நான்கு பேர் தள்ளி உயிர்ப்பிக்கலாம். தானியங்கி வண்டி பெரும்பாலும் அவ்வாறு உயிர்பெறாது. இயந்திரம் ஓடினாலன்றி எண்ணெய் அழுத்தம் பிறவாது. பழுதான வண்டியை அப்படியே நெடுந்தொலைவு இழுத்துச் செல்வதும் தகாது. எண்ணெய் ஓட்டம் இன்றி உள்ளுறுப்புகள் தேய்ந்துவிடும். மாற்று அச்சைக் கட்டிச் சென்ற உமணரின் அறிவும், கைக்கியரை விட மறுத்த தோட்டத்துப் பிட்டரின் அறிவும் ஓரினத்தைச் சேர்ந்தவை.

எனினும் மறுபுறத்தையும் நடுநிலையோடு நோக்க வேண்டும். கைக்கியரின் ஆயுள் ஓட்டுநரின் காலில் இருக்கிறது. மேட்டில் அரைக் கிளட்சில் வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கமுள்ளவர் ஒரு தகட்டைச் சில மாதங்களில் தின்றுவிடுவார். தானியங்கிப் பெட்டியிலோ, இடையே உள்ள நீர்மம் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. சுமையோடு புறப்படும்போது தண்டிற்கும் அச்சிற்கும் ஏற்படும் திடீர் இழுப்பு குறைகிறது. சேற்றில் சக்கரம் மெல்லச் சுழல்கிறது. நன்கு பேணினால் தானியங்கிப் பெட்டி மற்ற உறுப்புகளின் ஆயுளையும் நீட்டிக்கும். ஏழாம் தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸ் நான்கு வேகத் தானியங்கிப் பெட்டியோடும் கிடைத்தது. அதன்பின் மலேசியப் பிக்அப் வண்டிகளில் ஆட்டோ கியர் வேகமாகப் பரவியது. அவற்றுள் பல இன்று பழைய வண்டிகளாகி, இரண்டாம் மூன்றாம் உடைமையாளர் கையில் உழைக்கின்றன. ஆகவே எது தாங்கும் என்னும் கேள்வி இன்று ஜொகூரிலேயே உயிரோடு எழுகிறது.

வெப்பமும் வெள்ளமும்

இக்கேள்விக்கு விடை காண்பதில் ஜொகூரின் தட்பவெப்பத்திற்குத் தனி இடம் உண்டு. குளிர் நாட்டில் செய்யப்பட்ட கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. ஆண்டு முழுதும் வெம்மை. அத்துடன் தாழ்ந்த வேகத்தில் சுமையோடு மேடேறும் வேலை. இந்நிலையில் எண்ணெய் விரைவில் சூடேறுகிறது. குளிர்விக்கும் காற்றோ வண்டி மெதுவாகச் செல்வதால் போதிய அளவு கிடைப்பதில்லை. நெடுஞ்சாலையில் விரைந்து ஓடிய வண்டியைக் காட்டிலும், தோட்டத்தில் ஊர்ந்து உழைத்த வண்டியின் பெட்டி குறைந்த தொலைவிலேயே களைப்படையும். ஆகவே ஓடிய கிலோமீட்டரை மட்டும் கொண்டு உறுதியை அளத்தல் பொருந்தாது. எண்ணெய்க்கெனத் தனியே குளிர்விப்பான் ஒன்றைச் சேர்ப்பதும், குறித்த காலத்திற்கு முன்னரே எண்ணெய் மாற்றுவதும் இங்கே மிகையான செலவு ஆகா.

வெப்பத்திற்கு அடுத்த பகை நீர். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைப் பெருவெள்ளம் தாக்கியது. கோத்தா திங்கி, சிகாமட் முதலிய இடங்கள் நீரில் மூழ்கின. தானியங்கிப் பெட்டியில், உள்ளழுத்தம் வெளியேறுவதற்கு ஒரு சிறு மூச்சுத் துளை உண்டு. நீரில் மூழ்கிய வண்டியில் அத்துளை வழியே நீர் புகும். செந்நிற எண்ணெய் பால் கலந்தாற்போல் இளஞ்சிவப்பாக மாறும். உராய்வுத் தகட்டின் மேற்பூச்சைப் பிடித்து நிற்கும் பசை நீரால் தளர்ந்து, பூச்சு உரிந்துவிடும். வெள்ளம் வடிந்ததும் வண்டி ஓடுகிறதே என மகிழ்ந்து எண்ணெயை மாற்றாது விட்டவரின் வண்டி, சில வாரங்களில் கியர் பிடிக்காமல் நிற்கக்கூடும். எத்துணை வலிய பெட்டியாயினும் இதற்கு விலக்கன்று.

இவற்றை முன்னறியும் வழி கடினமானதன்று. அளவுக்கோல் அமைந்த பழைய பெட்டிகளுள் பெரும்பாலானவற்றில், இயந்திரம் சூடாகி ஓடிக்கொண்டிருக்கையில் கோலை உருவி எண்ணெயின் அளவைக் காணலாம். நிறம் சிவப்பாகத் தெளிந்திருந்தால் நலம். கருத்துத் தீய்ந்த மணம் வீசினால் தகடு எரிகிறது. பால் நிறம் கண்டால் நீர் புகுந்துள்ளது. வைத்தியர் நாடி பார்ப்பது போன்ற இச்சோதனைக்குக் கண்ணும் மூக்கும் போதும்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிவுகள் புலனாகின்றன. முதலாவது: வேண்டிய வலிமையினும் மிகுந்த வலிமையோடு படைக்கப்பட்ட பெட்டிகளே நெடுங்காலம் தாங்கின. 1960-களின் மூன்று அமெரிக்கப் பெட்டிகளும் 1980-களின் ஏ340 பெட்டியும் இவ்வகையில் ஒன்றுபடுகின்றன. இரண்டாவது: சிக்கனம் ஒன்றையே நோக்கமாகக் கொண்டு மெலிந்தவை முதலில் தளர்ந்து, பட்டறிவால் திருத்தம் பெற்றபின்னரே உறுதி எய்தின. மூன்றாவது: எந்தப் பெட்டியின் ஆயுளும் அதைப் பேணும் கையையும் அது உழைக்கும் மண்ணையும் பொறுத்தது. புலாய் மலைப் பாதையின் மரத் தண்டவாளத்தைக் கறையான் தின்ற நாள்முதல் ஜொகூர் இதனைச் சொல்லி வருகிறது.

மூன்றாவது முடிவு தமிழர் வரலாற்றோடும் பின்னிக் கிடக்கிறது. தோட்டத்து ஓட்டுநரும் பிட்டரும் பட்டப் படிப்பால் அன்றிப் பழக்கத்தால் பொறியியல் கற்றவர்கள். பால் வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முன்னேற விரும்பிய தமிழ் இளைஞர்க்குத் தோட்டத்திற்குள்ளேயே திறந்திருந்த சில கதவுகளுள் பட்டறையின் கதவும் ஒன்று. ஓசையைக் கேட்டே எந்தப் பற்சக்கரம் தேய்ந்தது என்று சொல்லும் அறிவு அங்கே தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது. 1980-களுக்குப் பின் தோட்டங்களில் தமிழர் தொகை குறைந்தது. அவர்கள் ஜொகூர் பாரு, மாசாய், ஸ்கூடாய் முதலிய நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டம் கலைந்தபோது பட்டறையும் கலைந்தது. கணக்கப்பிள்ளையின் ஏடுகள் சில எஞ்சியிருக்கலாம்; பிட்டரின் அறிவு ஏட்டில் ஏறவில்லை.

'கியர் சறுக்குகிறது', 'கியர் பிடிக்கவில்லை', 'எண்ணெய் கருகிவிட்டது' என்று அவர்கள் பேசிய மொழி தமிழே. சறுக்கல், பிடிப்பு, கருகல் ஆகிய சொற்கள் பொறியின் நோயை எவ்வளவு துல்லியமாகக் குறிக்கின்றன என்பதை அறிவியல் தமிழ் வளர்க்க விழைவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கலைச்சொல் ஆக்கத்திற்கு அகராதி மட்டும் மூலமன்று. எண்ணெய்க் கறை படிந்த பட்டறையும் மூலமாகும். அச்சொற்களை அறிந்த முதியோர் இன்னும் பலர் ஜொகூரின் ஊர்களில் வாழ்கின்றனர். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைக் குறிப்பேட்டோடு அவர்களிடம் அனுப்பினால், இந்நாட்டுத் தமிழர் தொழில் வரலாற்றில் விடுபட்டுக் கிடக்கும் ஓர் இயல் எழுதப்படும். முதியோர் இருக்கும்போதே அது எழுதப்பட வேண்டும்.